ஏ.எச்.ஆர். ஆஜர்

ஆம்பூரில் ஆபித் பாஷாவின் தோல் கம்பெனியில் ரஃபி அகமது செலக்‌ஷன் மாஸ்டர். பதப்படுத்தி வந்த தோலை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, உண்ணிக் கடி எங்கே, முள் கீறல் எங்கே என்று கண்டுபிடித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையேதான் செய்கிறார். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி, அப்பா அப்துல் ஹமீதின் இரண்டு எழுத்தையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து ‘ஏ.எச்.ஆர்.’ என்று கையெழுத்துப் போடுவார். அந்த மூன்று எழுத்து தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், முழுப் பெயரையும் எழுதித் தொலைத்திருப்பார்.

ஒரு வியாழக்கிழமை காலை, தபால்காரர் கம்பெனிக்குள்ளேயே வந்துவிட்டார். கையில் பதிவுத் தபால்.

“ஏ.எச்.ஆர். நீங்கதானே பாய்? நாலு நாளா அட்ரஸ் தேடுறேன். கேட்ல வாட்ச்மேன்தான் சொன்னாரு, நம்ம செலக்‌ஷன் மாஸ்டர்னு.”

உறையின் மேல், ‘திரு. ஏ.எச்.ஆர்., உயிரணுவின் உட்புறம், ஆம்பூர் வட்டம்’ என்று எழுதியிருந்தது.

“உயிரணுன்னா ஏதோ புது நகர் போலன்னு நெனச்சேன்” என்றார் தபால்காரர். “இப்பல்லாம் தினம் ஒரு நகர் போடுறாங்க.”

வேலூரில் புதிதாகத் திறந்திருந்த மாசுப் புகார் சிறப்பு விசாரணை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது அது. ரஃபி கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

‘புதுமேட்டுக்குப்பம் பொதுக்கிணற்றில் நச்சுப்பொருள் இருந்ததைத் தாங்கள் உணர்ந்து, அதனை உட்கரு என்பவருக்கு உடனடியாகத் தெரிவித்துள்ளதாக ஆய்வறிக்கையின் வாயிலாக அறியப்படுகிறது. இவ்வலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் மேற்படி உட்கருவுக்கு முதலில் தெரிவித்ததன் காரணத்தை விளக்கவும், சாட்சியம் அளிக்கவும், வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அசல் ஆவணங்களுடன் நேரில் ஆஜராகவும்.’

இரண்டு தடவை படித்தார். புதுமேட்டுக்குப்பத்துக்கு அவர் போனதே இல்லை. உட்கரு என்று யாரையும் தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது கடிதத்தை மனைவி சுகரா பேகத்திடம் காட்டினார். அவர் மனைவி முதலில் கேட்ட கேள்வி, “யாருங்க இந்த உட்கரு? பொம்பளையா?” என்பதுதான்.

“எனக்கு இன்னா தெரியும்?”

“தெரியாத ஆளுக்கா ஓடிப்போய் சேதி சொன்னீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். திரும்பி வந்தால், கம்பெனி ஆபீசுக்குள் முதலாளி ஆபித் பாஷா சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. அவருடைய குடோனுக்குப் பின்னால் இருக்கும் குழியில் கம்பெனியின் ஷூ யூனிட்டில் மிஞ்சும் ரெக்சின் துண்டுகளையும் பிளாஸ்டிக் சோல் கழிவையும் எரித்ததால் பக்கத்துக் கிராமக் கிணற்றில் விஷம் கலந்ததாகப் புகார். முதல் சாட்சி: ஏ.எச்.ஆர்.

“இன்னா ரஃபி இது? தோஸ்த் மாதிரி வெச்சிருந்தேனே உன்னை. எனக்கு எதிரா சாட்சியா?”

“அல்லா மேல ஆணையா எனக்கு ஒண்ணும் தெரியாது முதலாளி. நான் எதையும் உணரல.”

சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் அந்தக் குழி எரிகிறது. கறுப்புப் புகை எழும்பி மதிலைத் தாண்டிப் போகும். ரஃபி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுற்று வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். உணரவில்லை என்று சொல்ல மூக்கே இல்லாதவனாக இருக்க வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

“உணரலன்னா போய் அதையே சொல்லிட்டு வா” என்றார் ஆபித் பாஷா. “லீவு தர்றேன்.”

மறுநாளே ரஃபி வேலூருக்கு பஸ் ஏறினார். சிறப்பு அலுவலகத்துக்குச் சொந்தக் கட்டடம் இன்னும் தயாராகவில்லை என்று ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை எடுத்திருந்தார்கள். மாடி ஹாலில் பழைய முகூர்த்த மேடை அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் மேசை போட்டு, எழுத்தர் பச்சையப்பன் கட்டுக்கட்டாகக் காகிதங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“நான் இந்த ஏ.எச்.ஆர். இல்லீங்க” என்றார் ரஃபி.

பச்சையப்பன் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினார். ஆபித் பாஷா கம்பெனியிலிருந்து எடுத்து வந்த செலக்‌ஷன் சீட்டுகள். “இது உங்க கையெழுத்துதானே?”

“என்னுதுதான்.”

“அப்புறம் இன்னா? ஆய்வறிக்கையில, ‘ஏ.எச்.ஆர். உணர்ந்தது, ஏ.எச்.ஆர். தகவல் கொடுத்தது’ன்னு பதினேழு எடத்துல இருக்குது. அதை எழுதின மேகலான்னு ஒரு மேடம் மூணு லெட்டர் போட்டாங்க, ஏ.எச்.ஆர்.ன்றது ஆளே இல்ல, செல்லுக்குள்ள இருக்கிற ஏதோ ஒரு புரோட்டீன்னு. ஆளு இல்லாம கையெழுத்து எப்படிங்க வரும்? நானே ராப்பகலா தேடிக் கண்டுபிடிச்சேன். விலாசம் மட்டும் அறிக்கையில இருந்தபடியே போட்டேன்.”

தேடிக் கண்டுபிடித்த பெருமை அவர் முகத்தில் இருந்தது. அதைக் கெடுக்க ரஃபிக்கே சங்கடமாகிவிட்டது.

“செவ்வாய்க்கிழமை வந்து நான் அவன் இல்லன்னு சொன்னா விட்டுடுவீங்களா?”

“அது முடியாது பாய். சம்மன் ஏ.எச்.ஆருக்கு. வேற யாரு வந்து சொன்னாலும் எழுதிக்க மாட்டோம். நீங்க ஏ.எச்.ஆருன்னு ஒத்துக்கினாதான், நீங்க ஏ.எச்.ஆர். இல்லன்னு சொல்றதைப் பதிவு பண்ண முடியும்.”

“வரவே இல்லன்னா?”

“ஏ.எச்.ஆர். தலைமறைவுன்னு எழுதி ஃபைலை மூடிடுவோம். அவரு ஒருத்தர்தானே நேர்ல பார்த்தவரு?”

அந்த மேகலாவைப் பார்த்தாலொழிய இது தீராது என்று ரஃபிக்குத் தோன்றியது. அறிக்கையில் இருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மேகலா முப்பது வயதுக்காரி. ஒடுகத்தூர்ப் பக்கம் நிலக்கடலை போடும் குடும்பம். வெள்ளைக் கோட்டோடு வாசலுக்கு வந்தவள், சம்மனைப் படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் ரஃபியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“மன்னிச்சுடுங்க பாய். ஒரு வருஷ வேலை இது. இப்படிப் போய் நிக்கும்னு நெனைக்கல. உள்ள வாங்க.”

“அந்த ஏ.எச்.ஆர். யாரும்மா? அதை மொதல்ல சொல்லு. என் பொண்டாட்டி என்கூடப் பேச மாட்டேன்றா.”

மேகலா ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை எடுத்துக் காட்டினாள். அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ தண்ணீர். “இதுக்குள்ள லட்சக்கணக்குல செல்லு இருக்கு. கல்லீரல்ல இருந்து எடுத்து வளக்கிற செல்லு. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஏ.எச்.ஆர். இருக்கு. சும்மா இருக்கிறப்ப ரெண்டு மூணு புரோட்டீனுங்க அதை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கினு நிக்கும். நகர விடாது.”

“வேலை இன்னா அதுக்கு?”

“தொட்டுப் பாக்கிறது. புகையில இருந்து, எரிச்ச பிளாஸ்டிக்ல இருந்து வர்ற சில விஷம் செல்லுக்குள்ள நுழைஞ்சா, நேரா இதோட பள்ளத்துல போய் உட்காரும். உட்கார்ந்ததும் இதோட வடிவமே கொஞ்சம் மாறும். பிடிச்சுக்கினு நிக்கிறதுங்களை உதறிட்டு உட்கருவுக்கு ஓடும். உட்கருன்னா செல்லோட ஆபீஸ் மாதிரி. ஜீன்லாம் அங்கதான் இருக்கு. அங்க ஒரு கூட்டாளியோட சேர்ந்து, குறிப்பிட்ட சில ஜீனுங்களைத் தட்டி எழுப்பும். அதுங்க என்சைம் செய்யும். அந்த என்சைம் வந்து விஷத்தை உடைக்கும்.”

“கையால தடவிப் பார்த்து, சீட்டு எழுதி, ஆபீசுக்கு அனுப்புறது” என்றார் ரஃபி மெதுவாக.

“அதேதான்!”

“இது உணர்ந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அது பேசாதே.”

“மின்மினிப் பூச்சியோட ஜீன் ஒண்ணை இந்தச் செல்லுங்களுக்குள்ள வெச்சிருக்கு. ஏ.எச்.ஆர். போய்த் தட்டினா அதுவும் முழிச்சுக்கும். கூட ஒரு மருந்து ஊத்தினா, செல்லு வெளிச்சம் விடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. மிஷின் அளந்து சொல்லும்.”

புதுமேட்டுக்குப்பத்துக் கிணற்றுச் சேற்றைப் போட்டபோது மிஷின் காட்டிய கோட்டை அவள் திரையில் காட்டினாள். மற்ற ஊர்க் கோடுகளெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. இது மட்டும் ஏலகிரி மலைப் பாதை மாதிரி ஏறிப் போயிருந்தது.

ரஃபி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு. மூக்கு இல்லை, வாய் இல்லை, சம்பளம் இல்லை. விஷம் வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் பிடித்தவர்களை உதறிவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறது. அவருக்குள்ளும் அது இருக்கும். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் அதுவும் ஓடியிருக்கும். இவர்தான் சுற்று வழியில் நடந்திருக்கிறார்.

“நீ வந்து இதையெல்லாம் சொல்லக் கூடாதாம்மா?”

“கேட்டேன் பாய். ‘உணர்ந்தவர்தான் சொல்லணும், கேள்விப்பட்டவங்க சொன்னா செல்லாது’ன்னு பதில் போட்டாங்க.”

“சரி” என்றார் ரஃபி. “செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூணு நாள் முழுசா இருக்குது. கத்துக் குடு. நானே ஏ.எச்.ஆரா போறேன்.”

அதை ஏன் சொன்னோம் என்று பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தார். ஆனாலும் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் போனில் மேகலாவைப் பிடித்து, அறிக்கையைப் பக்கம் பக்கமாகக் கேட்டு நோட்டில் எழுதினார். உட்கரு பெண் இல்லை என்று தெரிந்ததில் சுகரா பேகமும் சமாதானமாகி, எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்கினார்.

செவ்வாய்க்கிழமை கீழ் ஹாலில் ஒரு கல்யாணம். நாதஸ்வரச் சத்தம் மாடிப்படி வழியாக ஏறி வந்தது. மேல் ஹாலில் விசாரணை அதிகாரி மதியழகன், வேறு நல்ல நாற்காலி இல்லாததால் சிவப்பு வெல்வெட் போட்ட மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது. ஆபித் பாஷாவும் அவர் வக்கீல் இன்பராஜும் ஒரு பக்கம், மேகலா கடைசி வரிசையில்.

“ஏ.எச்.ஆர்.!” என்று கூப்பிட்டார் பச்சையப்பன்.

ரஃபி எழுந்து மேடை ஏறினார். “ஆஜர்.”

ஆபித் பாஷா வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் கண்ணாலேயே பொறுங்கள் என்றார்.

“மதம்? எந்தப் புத்தகத்து மேல சத்தியம்னு எழுதணும்” என்றார் பச்சையப்பன்.

“நான் எல்லா மதத்துக்காரங்களுக்குள்ளயும் இருக்கேன் சார்.”

பச்சையப்பன் அதிகாரியைப் பார்த்தார். “மனசாட்சிப்படின்னு போடு” என்றார் மதியழகன்.

“வயசு?”

“அறுபது கோடி வருஷம் இருக்கும்னு சொல்றாங்க.”

“கட்டத்துல ரெண்டு நம்பருக்குத்தான் எடம்” என்று முணுமுணுத்துக்கொண்டே பச்சையப்பன் அறுபது என்று எழுதினார்.

மதியழகன் நல்ல மனிதர். கோப்பை முழுக்கப் படித்திருந்தார். அதுதான் பிரச்சினையாகவும் இருந்தது. “விஷம் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டார்.

“செல்லுக்குள்ள சார். உட்கருவுக்கு வெளியில. என்னை ரெண்டு மூணு பேரு பிடிச்சுக்கினு நின்னாங்க.”

“யாரு அவங்க? எதுக்குப் பிடிச்சாங்க?”

“கெட்ட எண்ணத்துல இல்ல சார். வேலை வர்ற வரைக்கும் நான் உருக்குலையாம இருக்கணும்னு.”

“விஷத்தை எப்படி அடையாளம் கண்டீங்க?”

“என்கிட்ட ஒரு பள்ளம் இருக்குது. அதுல சரியா வந்து உட்கார்ந்துச்சு. பேரு ஊரு நான் கேக்கிறதில்ல. உட்கார்ந்துச்சுன்னா ஓடிப்போய்ச் சொல்லிடுவேன்.”

“எங்க ஆபீசுக்குச் சொல்லாம உட்கருவுக்கு ஏன் சொன்னீங்க?”

“என்சைம் அனுப்புற அதிகாரம் அங்கதான் சார் இருக்குது. உங்ககிட்ட என்சைம் இல்ல.”

மதியழகன் இதை ஏற்றுக்கொண்ட மாதிரி தலையாட்டினார். இன்பராஜ் எழுந்தார். அவர் பெரிய வக்கீல். எதிரில் நிற்பவர் யாராக இருந்தால் என்ன, குறுக்கு விசாரணை குறுக்கு விசாரணைதான்.

“மிஸ்டர் ஏ.எச்.ஆர்., கருகின கறி சாப்பிட்டா, அப்பவும் உட்கருவுக்கு ஓடுவீங்க. உண்மையா இல்லையா?”

“உண்மை.”

“முட்டைக்கோஸ் சாப்பிட்டா?”

“அதுல இருந்து வர்ற சிலதும் வந்து உட்காரும். ஓடுவேன்.”

“அதாவது, முட்டைக்கோசுக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு சாட்சி!” என்று இன்பராஜ் இரண்டு கையையும் விரித்தார். கீழே கெட்டி மேளம் கொட்டியது. அவருடைய வாதத்துக்கே கொட்டியது போல இருந்ததில் ஒரு கணம் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

மேளச் சத்தம் அடங்கியதும், தாலி கட்டியாகிவிட்டது, இரு வீட்டாரும் மாடியில் இருப்பவர்களையும் சாப்பிடச் சொன்னார்கள் என்று ஆள் வந்தது. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. எல்லோரும் ஒரே வரிசையில் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். மதியழகனுக்குப் பக்கத்தில் ரஃபி. இலையில் முட்டைக்கோஸ் பொரியல் விழுந்தது. அதிகாரி அதை வாய்க்குக் கொண்டுபோனவர், நடுவில் நிறுத்தி ரஃபியைப் பார்த்தார்.

“எனக்குள்ளயும் நீங்க இருக்கீங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இருக்கேன் சார்.”

“இதைத் தின்னா போய்ச் சொல்லிடுவீங்களா?”

“சொல்லுவேன் சார். ஆனா ஒண்ணும் பயமில்ல. கொஞ்ச நேரத்துல என்சைம் வந்து உடைச்சுடும். நானும் அடங்கிடுவேன். நீங்க சாப்பிடுங்க.”

மதியழகன் நிம்மதியாகச் சாப்பிட்டார். எதிர் வரிசையில் ஆபித் பாஷா பொரியலைத் தொடவே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ரஃபியே முதலில் பேசினார். “சார், முட்டைக்கோஸ் கணக்குல ஒரு பதில் பாக்கி இருக்குது. கோஸ், கருகின கறி இதெல்லாம் வந்து உட்காரும், உடையும், போய்டும். எரிச்ச பிளாஸ்டிக்ல இருந்து வர்றது அப்படி இல்ல. என்சைம் எவ்வளவு மோதினாலும் சீக்கிரம் உடையாது. உடம்புக் கொழுப்புல போய் வருஷக்கணக்கா உட்கார்ந்துக்கும். நான் சொல்லிக்கினே இருக்கணும். ஓயவே முடியாது. அறிக்கையில ஒம்பதாம் பக்கம் பாருங்க. கிணத்துச் சேத்துல எடுத்ததை ஆசிட்ல கழுவி, லேசுல உடையிறதையெல்லாம் போக்கிட்டுத்தான் என் முன்னாடி வெச்சாங்க. அப்பவும் நான் ஓடினேன்.”

பச்சையப்பன் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டி, “இருக்குது சார்” என்றார்.

இன்பராஜ் இதற்கெல்லாம் அசரவில்லை. பதினாலாம் பக்கத்தை எடுத்தார்.

“எலிங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணியிருக்காங்க. ஏ.எச்.ஆர். இல்லாத எலிங்களுக்கு இதே விஷத்தைக் குடுத்தப்ப பெரிய பாதிப்பு எதுவும் இல்ல. ஏ.எச்.ஆர். இருந்த எலிங்கதான் செத்துச்சு. இது உண்மையா?”

“உண்மை.”

“அதுமட்டும் இல்ல. நீங்க கூப்பிட்டு வர்ற என்சைமே சில பொருளை உடைக்கிறேன்னு முன்னைவிட மோசமா மாத்திடும். உண்மையா?”

“சில சமயம்.”

“சார்!” இன்பராஜின் குரல் உயர்ந்தது. “விஷம் சும்மாதான் வந்துச்சு. அதைப் பிடிச்சு, உட்கரு வரைக்கும் கூட்டிக்கினு போய், ஜீனுங்களை எழுப்பி, ஊரைக் கெடுத்தது இந்த ஆளு. என் கட்சிக்காரர் குப்பையை எரிச்சாரு, அவ்ளோதான். உண்மையான குற்றவாளி ஏ.எச்.ஆர்.! இவரை இங்கயே காவலில் வைக்கணும்.”

மதியழகன் பேனாவால் நெற்றியைத் தேய்த்தார். வாதத்தில் ஓட்டை எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. மேகலா கடைசி வரிசையில் எழுந்து நின்றுவிட்டாள்.

ரஃபி நோட்டைப் புரட்டினார். இதற்கு ஏதோ பதில் எழுதி வைத்திருந்தார். எழுத்து கண்ணில் நிற்கவில்லை. நோட்டை மூடினார்.

“நான் இல்லாத எலிங்களைப் பத்தி மிச்சத்தையும் படிங்க சார். கல்லீரல் சின்னதாப் போச்சு. குடல்ல நோயை எதிர்க்கிற சக்தி கம்மி. விஷம் வராட்டியும் எனக்கு வேலை இருக்குது. உடம்பை ஒழுங்கா வெச்சிருக்கிற வேலை. என்னைப் பிடிச்சு உள்ள வெச்சா, யாரு பொழைப்பாங்க?” கொஞ்சம் நிறுத்தினார். “வந்ததை வந்துச்சுன்னு சொல்றதுக்குத்தான் நான். சொன்னது தப்புன்னா சொல்லாம இருந்தவனை இன்னா பண்ணுவீங்க? ஒம்பது வருஷமா சனிக்கிழமை ரெண்டு மணிக்குக் குடோன் பின்னாடி எரிக்கிறாங்க. மூணு வண்டி ரெக்சின், சோலு. காத்து கிழக்கால அடிச்சா புகை புதுமேட்டுக்குப்பம் பக்கம் போகும். மழை வந்தா சாம்பல் வாய்க்கால்ல இறங்கி அந்தக் கிணத்தாண்ட போகும். நான் துண்டைப் பொத்திக்கினு சுத்தி நடந்தேன்.”

ஆபித் பாஷா தரையைப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார் மதியழகன். “செல்லுக்குள்ள இருக்கிறவருக்குச் சனிக்கிழமை எப்படித் தெரியும்? இதைச் சொல்றது ஏ.எச்.ஆரா, ரஃபி அகமதுவா?”

“ரெண்டு பேரும்தான் சார்.”

“ரஃபி அகமதுவுக்கு நாம சம்மன் அனுப்பல சார்” என்று பச்சையப்பன் நினைவூட்டினார். “அவரு சொன்னதை எழுத முடியாது.”

“அப்ப ஏ.எச்.ஆர். சொன்னதாவே எழுது” என்றார் மதியழகன். “நாளு, நேரம், வண்டி எல்லாம்.”

இன்பராஜ் ஆட்சேபித்தார். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. அன்றோடு விசாரணை முடிந்தது.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. மூன்று பாகம். ஒன்று, குழியை உடனே மூடி, சாம்பலையும் கிணற்றுச் சேற்றையும் கம்பெனி செலவில் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். இரண்டு, கிராமத்துக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று, இனி நச்சுப்பொருள் எதையாவது உணர்ந்தால் உட்கருவுக்கும் இந்த அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்குமாறு ஏ.எச்.ஆர். கண்டிப்புடன் அறிவுறுத்தப்படுகிறார்.

ரஃபியை வேலையை விட்டு நிறுத்த ஆபித் பாஷா நினைக்கத்தான் செய்தார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது ஏ.எச்.ஆர். என்றுதான் காகிதத்தில் இருக்கிறது, ரஃபி அகமது ஒரு வார்த்தையும் சொன்னதாகப் பதிவில்லை, அதனால் காரணம் காட்ட முடியாது என்று இன்பராஜே சொல்லிவிட்டார். ஒரு மாதம் முதலாளி அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் மேசையருகே வந்து நின்றார்.

“ரஃபி, எனக்குள்ள இருக்கிறது இன்னும் ஓடிக்கினே இருக்குமா?”

“இருக்கும் முதலாளி. அந்தக் குழிக்குப் பக்கத்துல ஜாஸ்தி நேரம் இருந்தது நீங்களும்தான்.”

ஆபித் பாஷா தன் வயிற்றைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “பேஜாரா இருக்குதுய்யா” என்றுவிட்டுப் போனார்.

விஷயம் உள்ளூர்ச் செய்தியில் வந்தபோது, ‘விஷத்தை உணரும் ஆம்பூர் ஏ.எச்.ஆர்.’ என்று போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரஃபி கதவைத் திறந்தால் வாசலில் பதினைந்து பேர், கையில் பாட்டில், சொம்பு, குடம். வாலாஜாபேட்டையிலிருந்துகூட ஒருத்தர் வந்திருந்தார். எல்லோரும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். தன்னால் முடியாது என்று அவர் எவ்வளவு சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லை. அடக்கத்தால் சொல்கிறார் என்று நினைத்தார்கள். கடைசியில் சுகரா பேகம் பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டிக் கொடுக்க, ரஃபி அவற்றைப் பையில் அடுக்கி மேகலாவிடம் கொண்டுபோனார். கிணற்றடிச் சேறும் வேண்டும் என்று அவள் சொன்னதை எல்லோருக்கும் போய்ச் சொல்லி, அதையும் வாங்கி வந்தார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பதினாலு பேருடையதில் ஒன்றுமில்லை. கோவிந்தம்மாள் என்ற பெண்ணின் வீட்டுக் கிணறு மட்டும் திரையில் மேலே ஏறியிருந்தது. அவர் ஆம்பூருக்கு மேற்கே ஒரு குப்பத்தில் மாடு வளர்ப்பவர். அவர் வீட்டுக்கு இரண்டு வயல் தள்ளி யாரோ பழைய வயர்களை எரித்துச் செம்பு எடுக்கிறார்களாம்.

ரஃபி அவர் வீட்டுக்குப் போனார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் நிமிர்ந்தார்.

“வாங்க பாய். இன்னா சொல்லுச்சு?”

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வந்திருந்தார். “இருக்குதும்மா” என்றார்.

கோவிந்தம்மாள் மாட்டின் முன்னாலிருந்த வாளியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார். தண்ணீர் மண்ணில் பரவி ஊறியது.

“எந்த பஸ்ஸு அந்த ஆபீசுக்கு?” என்று கேட்டார் பிறகு.

அடுத்த நாள் இருவரும் வேலூர் மண்டபத்து மாடியில் நின்றார்கள். பச்சையப்பன் புதுக் கோப்பைத் திறந்தார்.

“இந்தத் தடவை உணர்ந்தது யாரு? நீங்கதானா பாய்?”

“இல்ல சார். இவங்க உடம்புல இருக்கிறதுதான்.”

பச்சையப்பன் கோவிந்தம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார், உள்ளே போய் மதியழகனிடம் ஏதோ கேட்டார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அப்போ அதுக்குத் தனியா சம்மன் அனுப்பணும். அஞ்சு நாள் ஆகும்.”

“அனுப்புங்க” என்றார் கோவிந்தம்மாள். ஓரமாகக் கிடந்த மணப்பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னைக்கே அனுப்புங்க. கையில வாங்கிக்கினுதான் போவேன்.”

பச்சையப்பன் பேனாவைத் திறந்தார்.